மூடாத பெட்டி

கீழ்பென்னாத்தூர் தையல் கூடத்து வாசலில் வேன் நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு இங்குள்ள பெண்களுக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தது பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றின் சர்ச். இப்போது அந்தத் தீவில் புயல். அங்குள்ள பிள்ளைகளுக்கு இவர்கள் பள்ளிக்கூடப் பைகள் தைத்திருக்கிறார்கள். எங்கள் சர்ச் சார்பில் வாங்கிப்போக வந்திருக்கிறேன். மாலைக்குள் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். ஆனால் அட்டைப் பெட்டி மூடவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பைக்குள்ளும் பாவாடை, துண்டு, சட்டை என்று திணித்து வைத்திருக்கிறார்கள்.

“கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமாங்க?” என்கிறேன்.

“கம்மியா?” பை தைத்தவர்களில் ஒருவரான எல்லம்மா இடுப்பில் கை வைக்கிறார். “நாங்க மாரியம்மன கும்புடுறவங்கனு தெரிஞ்சுதான மிஷின் குடுத்தாங்க. அப்ப அவங்க கம்மி பண்ணாங்களா சார்?”

சொன்ன கையோடு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் இன்னொருத்தி.

“நீங்களும் வாங்க சார்!”

நானும் ஏறுகிறேன். மூடி அமுங்குகிறது. கூடமே கைதட்டுகிறது. டிரைவர் டேப்போடு ஓடி வருகிறார்.

“ஆடாம குந்துங்க!” என்று அவர் கத்தக் கத்த, எங்கள் சிரிப்பில் பெட்டியும் சேர்ந்து குலுங்குகிறது.