கம்பியில் வந்த அப்பா

1. கப்பல் நிற்காது

"எஸ்தர் அக்கா, கோவிச்சுக்காதீங்க. பிள்ளைய கடற்கரை மணலுக்குக் கொண்டு வரமாட்டேன். நான் ரோட்டுப் பக்கமே நிக்கேன்."

ஜெனிட்டா போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைக் கடலில் வீசியிருப்பேன். ரெண்டு நாளாகத் தலைகீழாய் நின்று நான் போட்ட திட்டம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கவிழ்ந்துவிட்டது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற உல்லாசக் கப்பல்களிலிருந்து பயணிகளை இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, ஊர் காட்டி, சோறு போட்டு, சாயங்காலத்துக்குள் பத்திரமாகக் கப்பலில் சேர்ப்பது. ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று பெயர். எங்களுக்கு ஷோர் டே. நாசரேத்தில் எங்கள் குடும்பத்தில் டீச்சர் ஆகாத ஒரே பொம்பளை நான்தான். ஆனாலும் கத்துகிற கத்தலில் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் நினைப்பார்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது, அதனால் கத்தித்தான் ஆக வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

ஒவ்வொரு பஸ்ஸிலும் கப்பல் ஊழியர் ஒருவர் நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயணிகளோடு வருவார். அவர்தான் எஸ்கார்ட். தன் குழுவை விட்டு அவர் எங்கேயும் போகக் கூடாது. போனால் வேலை போச்சு, அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காது.

பள்ளிக்கூட லீவு சமயத்தில் வந்த ஒரு குடும்பக் கப்பலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கப்பல் வருவதற்கு ரெண்டு நாள் முன்னால் தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, நான் தருவைகுளம் ரெக்ஸன். கப்பல்ல கேபின் ஸ்டூவர்டா இருக்கேன். எனக்குப் பொம்பளப் பிள்ள பொறந்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் கையில தூக்கல. நம்ம ஊருக்குத்தான் கப்பல் வருது, ஆனா எனக்கு எறங்க லீவு இல்ல. ஏதாச்சும் வழி இருக்கா அக்கா?"

குரல் கடைசியில் உடைந்தது. ஆம்பிளை அழுதால் எனக்குத் தாங்காது, எரிச்சல் வரும். "சரிலே, மூக்கைச் சிந்து. பாக்குதேன்" என்று பதில் போட்டேன்.

கப்பலுக்கு மெயில் அனுப்பினேன். இந்தத் தடவை சின்னப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், தமிழ் தெரிந்த எஸ்கார்ட் ஒருவர் வேண்டும் என்று. உண்மையும் அதுதானே! ரெக்ஸன் பெயர் வந்தது. மீதித் திட்டம் சுளுவு. காலையில் கம்பியில் தொங்கிப் போகிற ஜிப்லைன், மத்தியானம் கடற்கரைப் பந்தலில் சாப்பாடு. பந்தலோரம் அவன் பெண்டாட்டி ஜெனிட்டா பிள்ளையோடு உட்கார்ந்திருப்பாள். குழுவை விட்டு ஓரடி நகராமலே ரெக்ஸன் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம்.

2. மணலுக்கு வராத பிள்ளை

ரெக்ஸன் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வரட்டும் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைக் கடல் மணலுக்குக் கொண்டு போகக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எனக்கு அது தெரியாது. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் சி.எஸ்.ஐ. அதிலும் எங்கள் ஊரில் கடலே கிடையாது.

"ஏளா, அவன் உலகத்துக் கடலெல்லாம் சுத்தி பிள்ளையப் பாக்க வந்திருக்கான். நீ மணலு, மண்ணுன்னு சொல்லுதியே!" என்றேன்.

"அவிய கடல்லயே கெடக்காவ. அதனாலதான் அக்கா பயமா இருக்கு" என்றாள்.

மணல் இல்லாத இடம் எது என்று சுற்றிப் பார்த்தேன்.

நாங்கள் போன ஜிப்லைன் கேம்ப்பில் கடல் பக்கம் ஒரு உயரமான மேடை. அதிலிருந்து ஒரு இரும்புக் கம்பி, நடுவில் கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கும் கழிக்கு மேலாக, ரோட்டுப் பக்கம் உள்ள இறங்குமேடைக்குப் போகும். இறங்குமேடைக்குப் பக்கத்தில் கேட்டுக்கு உள்ளேயே ஒரு வாகை மரம். அங்கே தரை செம்மண், கடல் மணல் இல்லை. ஜெனிட்டாவை அந்த மரத்தடியில் நிற்கச் சொன்னேன். கேம்ப்புக்கு உள்ளே என்பதால் ரெக்ஸனுக்கும் விதி மீறல் இல்லை. ஆனால் மேடையிலிருந்து அங்கே நடந்து போவதென்றால் கழியைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம். கடைசிப் பயணி கம்பியில் போகும்வரை எஸ்கார்ட் மேடையை விட்டு நகரக் கூடாது. அது முடிந்து, பந்தி ஆரம்பிக்கும் முன்னால் கிடைக்கிற இடைவெளியில் அவன் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ரெக்ஸனிடம் சொன்னேன். "ஓடிருவேன் அக்கா" என்றான்.

ஒவ்வொருவராகப் போனார்கள். கத்தினார்கள், சிரித்தார்கள், போட்டோவுக்குக் கை காட்டினார்கள். கடைசியில் மேடையில் மிஞ்சியது ஒரே ஒரு பிள்ளை. மிதுனா, கோயம்புத்தூர்க்காரி, ஆறு வயசு இருக்கும். அவள் அம்மா முன்னாலேயே போய் எதிர்ப்பக்கம் காத்து நிற்கிறாள். அப்பா நல்ல கனத்த மனுஷன், கம்பியில் அவரை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையைத் தனியாகவும் அனுப்ப முடியாது. அன்றைக்குக் கச்சான் என்கிற மேல்காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. எடை குறைந்த பிள்ளை தனியாகப் போனால் பாதி வழியில் கழிக்கு மேலே நின்றுபோகும். அதனால் சின்னப் பிள்ளைகளை ஜிப்லைன் பார்க்கிற காசிம் பாய் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவார்.

மிதுனா கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இந்த அங்கிள் வேண்டாம்!"

"ஒண்ணும் ஆகாது சாமி. அம்மா அங்க நிக்குது பாரு" என்று அப்பா கெஞ்சினார். சரி, ஜீப்பில் கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னார். அதற்கும் கூப்பாடு. அண்ணன் கம்பியில்தான் போனானாம், தானும் கம்பியில்தான் போக வேண்டுமாம். ஆனால் பயமாக இருக்கிறதாம்.

என் போன் அடித்தது. ஜெனிட்டா. பின்னால் பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம். "அக்கா, அனல் தாங்கல, பிள்ள துவண்டு போச்சு. ஆட்டோக்காரரும் அவசரப்படுதாரு. நாங்க போறோம் அக்கா. அவியகிட்ட சொல்லிருங்க."

ரெக்ஸன் பக்கத்திலேயே நின்றான். எல்லாம் காதில் விழுந்தது. மிதுனாவைப் பார்த்தான், கழிக்கு அந்தப் பக்கம் தெரிந்த வாகை மரத்தைப் பார்த்தான்.

3. யானை அங்கிள்

பிறகு அவன் மிதுனாவுக்கு முன்னால் முழங்காலிட்டான். "நேத்து ராத்திரி உங்க கட்டில்ல என்ன இருந்துச்சு?"

அழுகை சட்டென்று நின்றது. "யானை."

"யாரு செஞ்சா?"

பிள்ளை அவனை உற்றுப் பார்த்தது. கேபின் ஸ்டூவர்டுகள் ராத்திரி படுக்கை விரித்துவிட்டு, குளிக்கிற டவலை யானையாகவும் குரங்காகவும் மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். இந்தக் குடும்பத்தின் அறை ரெக்ஸன் பார்க்கிற அறை. "நீங்கதான் யானை அங்கிளா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"நீங்க வந்தா போறேன்."

நான் காசிம் பாயைப் பார்த்தேன். பாய் ரெக்ஸனுக்கு ஹார்னஸ் எடுத்து மாட்ட ஆரம்பித்தார். இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தார், கொக்கியைத் திருகிப் பூட்டினார், பிள்ளையை முன்னால் சேர்த்துக் கட்டினார், மறுபடியும் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தார். பிரேக் அந்தப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வான் என்று வாக்கி டாக்கியில் உறுதி செய்துகொண்டார்.

"அக்கா, எனக்கு ஒசரம்னா பயம்" என்று ரெக்ஸன் என் காதில் சொன்னான்.

"மாசக்கணக்கா கடல்ல கெடந்தவனுக்கு இந்தக் கழி ஒரு பெருசா? போலே!"

போனான். எதிர்க்காற்றில் அவன் சட்டை படபடவென்று அடித்தது. அவன் கத்தினானா, மிதுனா கத்தினாளா, தெரியாது. நான் போனில் ஜெனிட்டாவிடம் கத்தினேன். "போகாதளா! மேல பாரு! கம்பியில பாரு, உம் மாப்பிள்ள வாரான்!"

பாயை மேடையில் விட்டுவிட்டு, மிதுனாவின் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு நான் ஜீப்பில் விரட்டினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மிதுனா தன் அம்மா மடியில் இருந்தாள். ரெக்ஸன் ஹார்னஸைக்கூடக் கழற்றவில்லை. கொக்கிகள் சலசலக்க வாகை மரத்தடிக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் பிள்ளை உயிர் போகிற மாதிரி அழுதது.

"ஏங்க, அந்த ஹெல்மெட்டக் கழத்துங்க, பயப்படுதா" என்றாள் ஜெனிட்டா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

கழற்றினான். அப்போதும் பிள்ளை நிறுத்தவில்லை. அவன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினான். அழுது களைத்து அப்படியே தூங்கிப்போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் தலையை மோந்து பார்த்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆட்டோக்காரரைத் திட்டுகிற மாதிரி ரோட்டுப் பக்கம் போய்த் துடைத்துக்கொண்டேன்.

4. ஒரு துண்டு

பந்திக்கு நேரமாகிவிட்டது. குழு பந்தலில், எஸ்கார்ட் மரத்தடியில் என்றால் விதிப்படி தப்பு. அவனைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. மிதுனாவின் அப்பாதான் வந்தார். "ஏனுங்க, பிள்ளை பயந்து போயிருக்குதுங்க. எங்க சாப்பாட்டை இங்கயே போட்டுருங்களேன். எங்களுக்கு எஸ்கார்ட்டும் கூட இருக்கணுமுங்க" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மனுஷன்னா மனுஷன்!

பந்தலில் இருந்த குழுவை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு மேசை மட்டும் வாகை மரத்தடிக்கு வந்தது. சீலா மீன் வறுவல், நண்டு, சுறாப்புட்டு, கடைசியில் இனிப்புக்கு மக்ரூன். மிதுனா மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் வந்து எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறதோ கொஞ்ச நேரம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஒரு துண்டை விரித்து வைத்துக்கொண்டு மடிக்கிறார்கள்! "இந்தப் பக்கம் உருட்டு... இப்பத் துதிக்கைய வளை... அப்படித்தான்." ஜெனிட்டா மறுபடி பிரித்து, முதலிலிருந்து மடிக்கிறாள். ஏதாவது பேசிச் சிரிக்கிறதை விட்டுவிட்டு, இதென்ன கூத்து, கிறுக்குப் பிடிச்ச சென்மங்கள் என்று மனசுக்குள் திட்டினேன். பிறகு விசில் ஊதினேன். ஊதித்தானே ஆக வேண்டும். பிள்ளை அவன் மடியில் தூங்கிக்கொண்டேதான் இருந்தது. அவன் எழுப்பாமல் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறி, நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்தான்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் கான்ட்ராக்ட் முடிந்து வந்தான். ஏர்போர்ட்டிலிருந்து தருவைகுளத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பிள்ளை அதற்குள் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தது. அவனைப் பார்த்ததும் ஒரே அலறல், தவழ்ந்துபோய் ஜெனிட்டா சேலைக்குள் ஒளிந்துகொண்டது. பெட்டியைக் கீழே வைக்காமல் அவன் வாசலிலேயே நின்ற நிலை இருக்கிறதே, யாருக்கும் வரக் கூடாது.

ஜெனிட்டா உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். "செய்யுங்க" என்றாள்.

பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மடித்தான். உருட்டினான், துதிக்கையை வளைத்தான். அழுகை நின்றது. சேலைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. "தெனமும் ராத்திரி நான் செஞ்சு, அப்பா, அப்பான்னு சொல்லித்தான் அக்கா தூங்க வைப்பேன்" என்றாள் ஜெனிட்டா என்னிடம். எனக்கு அப்போதுதான் விளங்கியது, அன்றைக்கு மரத்தடியில் அவள் கற்றுக்கொண்டது எதற்கு என்று. நான் அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்துக் கொடுத்தேன். அவள் அதைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் நீட்டிவிட்டாள்.

கப்பல் யாருக்காகவும் நிற்காது என்று இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே ஒன்று சொல்கிறேன்: யாராவது இருக்கிற கொஞ்ச நேரத்தில் கிறுக்குத்தனமாக ஏதோ செய்துகொண்டிருந்தால், ரெண்டு நிமிஷம் விசிலை வாயில் வைக்காதீர்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை தவழ்ந்து வந்து துண்டு யானையின் துதிக்கையைப் பிடித்தது. "ப்பா" என்றது யானையிடம். பிறகு தலையைத் தூக்கி, யானை செய்த கையைப் பார்த்தது, அவன் முகத்தைப் பார்த்தது. "ப்பா?" என்று கேட்டது.