ஏப்பம் விடும் தண்ணீரும் கபாலியின் மஞ்சளும்

அடையாறில் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்களிடம் கபாலி இப்படித்தான் விளக்குவார்: "சோடாவுல கேஸு கீதே, அத்த இந்தத் தண்ணி முழுங்கிக்கும் சார். சூடு காட்னா ஏப்பம் வுட்ரும். அவ்ளோதான். இதுக்குத்தான் அம்மா அஞ்சு வருசமாப் படிச்சாங்க."

அம்மா என்பது டாக்டர் நீரஜா. கிளைசின் என்னும் அமினோ அமிலத்தின் உப்பைக் கரைத்து, ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் மேலிருந்து சொட்டவிட்டு, கீழிருந்து ஏறும் கரியமில வாயுவை அது எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பது நீரஜாவின் வேலை. குழாய் கழுவுவது கபாலியின் வேலை. மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். நாலு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் சிபாரிசில் நீரஜா கையெழுத்துப் போட வேண்டும்.

எழுபத்து மூன்றாம் வருடம் அந்தக் கரைசல் தினமும் குறையத் தொடங்கியது. காலையில் ஐந்து லிட்டர் ஊற்றினால் மாலையில் நாலரை.

"கபாலி, நிஜத்தைச் சொல்லு. குடிக்கிறயா?"

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ரேஷனில் சர்க்கரை இல்லாத மாதம், கிளைசின் தூள் இனிக்கிறது என்று கண்டுபிடித்து, மூன்று நாள் எல்லோருக்கும் அதில் காபி போட்டவர் கபாலி. நீரஜாவே இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.

"தூளு வேற, இது வேறம்மா. இது சோப்புத் தண்ணி மாரி கீது."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

கபாலி குழாய் கழுவப் போய்விட்டார். கையெழுத்து நின்றுபோயிற்று.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். மனத்தாங்கலிலும் கபாலி குறை வைக்கவில்லை. தராசு, அடுப்பு, பூட்டு எல்லாவற்றுக்கும் மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் இட்டார். கண்ணாடிக் குழாய்க்கு என்ன கோபமோ என்று நினைத்து, மூட்டுக்கு மூட்டு தாராளமாக அப்பினார். கற்பூரம் கொளுத்தப் போனவர் நின்றுவிட்டார்.

"அம்மா, இதுக்கு ரத்தம் வருது."

பின்பக்கம், மூன்றாவது மூட்டில் மஞ்சள் சிவந்திருந்தது. அங்கிருந்து ஒரு செங்கோடு மெல்ல இறங்கிக் கழுவுதொட்டிக்குள் போயிற்று. நீரஜா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆரத்திக்குச் சுண்ணாம்பு போட்டா மஞ்சள் சிவக்குமே, அதே காரம்தான் இதுலயும். கசிஞ்சிண்டே இருந்திருக்கு."

"அப்ப நான் குடிக்கலை?"

"நீ குடிக்கலை."

"ஒரு வாட்டிதாம்மா நக்குனேன்."

நீரஜா அங்கேயே சிபாரிசுத் தாளை எடுத்துக் கையெழுத்திட்டார். "இனிமே வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லா மூட்டுக்கும் மஞ்சள் பூசிப் பார்த்துடு."

கபாலி தலையாட்டினார். தாளை ஆபீசில் கொடுத்து, முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்:

"பதினோரு மணி ராகுகாலம்மா. பன்னெண்டுக்கு அப்பால பாத்துக்கலாம்."