வழுக்கை விழுந்த ராஜா

"செத்துப்போன ராஜா மூஞ்சிய உத்து உத்துப் பாத்து நீ என்னத்தக் கண்டுபிடிக்கப்போற?" என்று பெரியப்பா கேட்டார். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். காலேஜுக்குத் திருவாரூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன்.

எம்.ஏ. வரலாற்றில் அப்போது பழைய கிரேக்க வெள்ளிக்காசுகள் பற்றிய பாடம். முதலில் காசுகளில் தெய்வங்களின் தலைதான் இருந்ததாம். பிறகு அரசர்கள் தங்கள் தலையையே பொறித்துக்கொண்டார்கள். ஒரு ராஜாவுக்குக் காசுக்குக் காசு முன்மயிர் பின்வாங்குகிறது, கன்னம் ஒட்டுகிறது. அதை வைத்தே எது முந்தியது என்று அடுக்கலாம். வேறு சில ராஜாக்கள் வயதான பிறகும் இளமை முகத்தையே அச்சடித்தார்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா மஸ்கட் போனார். நடுவில் ஒரே ஒரு முறைதான் வந்தார். விசா புதுப்பிக்கும்போதெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை அனுப்புவார். அம்மா அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள்.

அன்று சாயங்காலம் அந்தப் படங்களைத் தரையில் வரிசையாக அடுக்கினேன். நெற்றி ஏறிக்கொண்டே வந்தது. கடைசி மூன்றில் நின்றுவிட்டது. அதே கோடு போட்ட சட்டை. காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்ததும் அப்படியே.

"பாத்தியா, உங்கப்பா மாறவே இல்ல," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அம்மா மாட்டைக் கட்டப் போயிருந்தாள்.

"அப்பா, பழைய போட்டோவையே அனுப்புறீங்கல்ல?"

"யாரு சொன்னா?"

"சட்டக் காலரு சொல்லுது. முன்னாடி முடி கொட்டிடுச்சா?"



"பல்லும் ரெண்டு போச்சும்மா. உங்கம்மாகிட்ட சொல்லாத."

"இப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னே எனக்குத் தெரியலப்பா."

"போன் கார்டு தீரப்போவுதும்மா," என்றார். தீர்ந்தும்விட்டது.

நான் கண்டுபிடித்தது இதைத்தான். பெரியப்பாவிடம் சொல்லி ஜெயிக்க முடியாது. அம்மாவிடம் சொல்லி அழவும் முடியாது. அவள் அந்த டின்னைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அந்த வாரமே குடவாசல் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தேன்.

"மொகப்பரு தெரியுதும்மா, டச்சப் பண்ணிரட்டுமா?"

"வேண்டாங்க. இருக்கறபடியே இருக்கட்டும்."

ஒரு படத்தைக் காசுகள் பற்றிய ஆராய்ச்சிப் படிப்புக்கான விண்ணப்பத்தில் ஒட்டினேன். இன்னொன்றின் பின்பக்கம், 'இது இந்த வாரம் எடுத்தது. உங்களதும் இந்த வாரம் எடுத்ததா வேணும்' என்று எழுதி, மஸ்கட்டுக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.