சீனத் தளபதியைப் பற்றிப் பேசிய ஞாயிறு

"ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. உரை: பக்கம் மாறிய ஒரு சீனத் தளபதி. தேநீர், ரோல்ஸ் வழங்கப்படும்." எங்கள் வாசகர் வட்டச் செயலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவித்தல் இது. உரையாற்றியவன் நான்.

பத்தாம் நூற்றாண்டில் வடசீனாவில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குள் ஐந்து அரச வம்சங்கள் வந்து போயின. அக்காலத் தளபதி ஒருவர் தன் அரசனை விட்டு எதிரியிடம் போனார். போனது அரசன் வீழ்வதற்கு முன்பா, பின்பா? முன்பென்றால் துரோகம், பின்பென்றால் வேறு வழியில்லை. நூல்கள் இரண்டு விதமாகவும் சொல்கின்றன. ஸ்காபரோ நூலகத்தின் கீழ்த்தள அறையில் நான் பேசியது இந்தத் திகதிச் சிக்கலைப் பற்றி மட்டும்தான்.

முன்வரிசையில் என் நண்பர் இருந்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேல் பகுதியில் ஒரே அறையில் இருந்த காலத்துப் பழக்கம். ஊரில் அவர் இருந்த ஆயுத இயக்கத்தை இன்னோர் இயக்கம் அழித்த நாட்களில், அழித்தவர்களோடு சேர்ந்தவர். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. உரையைத் தயாரித்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. ஆனால் எங்கள் கூட்டங்களில் யாரைப் பற்றிப் பேசினாலும் உள்குத்துத் தேடுவார்கள்.

கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அண்ணை, உதுக்கு ஏன் சீனாவுக்குப் போனனீங்கள்? முன்னுக்கு ஒரு தளபதி இருக்கிறார், அவரையே கேட்டிருக்கலாமே."

"பெற்றோலும் மிச்சம்," என்றார் பக்கத்திலிருந்தவர். அறை சிரித்தது.

நண்பர் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கார் தரிப்பிடத்தில் அவரை எட்டிப் பிடித்தேன்.

"நான் சீனனைத்தான் சொன்னனான்," என்றேன்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவன் எப்ப மாறினவன் எண்டு இவ்வளவு தேடியிருக்கிறீர். என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை."

"கேட்டால் சொல்லியிருப்பீரோ?"

"கேட்டிருந்தாத்தானே தெரியும்." கதவைச் சாத்திக்கொண்டு காரை எடுத்தார்.

அதன்பின் என் அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. ரூஜ் பகுதியில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினேன். மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் நித்திரை," என்றார். நல்ல பகல் நேரம். வட்டத்தில் இப்போது அவருக்குப் பெயர் 'சைனா'. அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் எந்தப் பக்கமும் நிற்காமல் முதல் விமானத்தில் வந்தவர்கள். அடுத்த உரைக்கும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

சென்ற வாரம் மருந்துக்கடையில் கண்ட வட்டத்துக்காரர் ஒருவர், "நீங்கள் தன்னைச் சொல்லேல்லை எண்டு உங்கட சிநேகிதர் ஆருக்கோ சொன்னவராம்," என்றார். யாருக்கு என்று கேட்டேன். தெரியாதாம், தானும் கேள்விப்பட்டதுதானாம். நண்பர் அப்படிச் சொன்னாரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.