கயிறு பிடித்த ஜெபகனி

ஜெபகனி நர்ஸ் தெருவுக்குள் நுழையும் முன்பே அவள் பேச்சு நுழைந்துவிடும் என்று தூத்துக்குடியில் கேலி செய்வார்கள். பொய்யில்லை. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத முதியவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கட்டுப் போடுவது அவள் வேலை. பழைய கட்டை அவிழ்த்து முடிப்பதற்குள் அந்த வீட்டுக் கல்யாணம், சண்டை, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருப்பாள். கை சுத்தம். வாய்தான் ஓயாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943இல் அவளைச் செபாஸ்டின் பர்னாந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முத்தும் சங்கும் குளித்தே முப்பது வருஷம் ஓட்டியவர். காது இரண்டும் போய்விட்டது. கரையில் கிடந்த சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்து, புண் அழுகத் தொடங்கியிருந்தது. பத்து நாளில் அழுகல் நிற்காவிட்டால் காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிழவரோ யாரையும் தொடவிடவில்லை.

முதல் நாள் மருமகள் இன்னாசியம்மாள் அவர் காதில் வாயை வைத்து, "மாமா! நர்ஸம்மா வந்துருக்காவ! காலை நீட்டுங்க!" என்று கத்தினாள். தெருவுக்கே கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. ஜெபகனி பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுதாவளா? தூங்குதாவளா?" என்று மருமகளிடம் விசாரித்தபடியே புண்ணில் பஞ்சை வைத்தாள். ஓங்கி ஓர் உதை! வெந்நீர்க் கிண்ணம் சுவரில் போய் மோதியது.

"புத்தி பேதலிச்சிட்டு, நர்ஸம்மா" என்றாள் இன்னாசியம்மாள்.

சேலையெல்லாம் நனைந்து ஜெபகனிக்கும் கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் கிழவர் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்தது கோபமில்லை, பயம். அவர் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டாள்: "எதுக்குப் பாட்டையா உதைச்சிய?"

"ஏளா, காலைப் பிடிச்சவ என்னையில்லா பாக்கணும்? நீ அவகிட்டல்லா பேசிக்கிட்டு இருந்த!" குரல் வீட்டையே அதிரவைத்தது. "அன்னைக்குக் கயித்தைப் பிடிச்சவனும் இப்படித்தான் பேச்சுல கெடந்தான். நான் இழுத்தது அவனுக்குத் தெரியல. மேல வரும்போது ரெண்டு காதுலயும் ரத்தம்."

கடலுக்குள் இறங்குபவன் கயிற்றை இழுத்தால் உடனே அவனை மேலே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் பெரும்பாலும் மச்சான்தான். தங்கையின் தாலியை நினைத்தாவது கயிற்றில் கண்ணாக இருப்பான் என்ற நம்பிக்கை. செபாஸ்டினின் மச்சான் காய்ச்சலில் படுத்த ஒரே ஒரு நாள் வேறொருவன் பிடித்தான்.

ஜெபகனிக்குச் சுருக்கென்றது. எத்தனை வீடுகளில், எத்தனை முதியவர்களின் தலைக்கு மேலே அடுத்தவரோடு பேசியிருக்கிறாள்!

மறுநாள் கட்டுத்துணியில் நீளமாக ஒரு துண்டைக் கிழித்தாள். ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டி, மறுநுனியை அவர் கையில் கொடுத்தாள். "வலிச்சா இழுங்க. அந்த நிமிசமே கையை எடுத்துருதேன்" என்று உதட்டாலும் சைகையாலும் சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது சாமானியமான காரியமா!

கிழவர் லேசுப்பட்டவரில்லை. தொடுவதற்கு முன்பே இழுத்துப் பார்த்தார். கையை எடுத்தாள். மறுபடி இழுத்தார். மறுபடி எடுத்தாள். நாலாவது தடவைக்குப் பிறகுதான் கட்டை அவிழ்க்கவே விட்டார்.

ஆறாம் நாள். அழுகிய சதையில் கடைசித் துணுக்கு, கத்தரியின் ஒரே வெட்டில் போய்விடும். கிழவர் துணியைச் சுண்டி இழுத்தார்.

"இன்னும் கொஞ்சந்தான நர்ஸம்மா, முடிச்சிருங்க!" என்று பதறினாள் மருமகள். டாக்டர் கொடுத்த தவணையில் மீதி நாலே நாள். ஜெபகனிக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் கத்தரியை விலக்கிக்கொண்டாள். மருமகள் பக்கம் திரும்பவும் இல்லை. கண் கிழவர் முகத்திலேயே இருந்தது. அவர் மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தாமாகவே பாதத்தை அவள் மடிக்கு நகர்த்தினார்.

பத்தாம் நாள் டாக்டர் வந்து புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். "காலுக்கு ஆபத்தில்லை" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார். கிழவரிடம் யாரும் சொல்லவில்லை. ஜெபகனி அவர் முகத்துக்கு நேரே குனிந்து, இரண்டு கால்களையும் தொட்டுக் காட்டி, "ரெண்டும் உங்களுக்குத்தான் பாட்டையா" என்றாள். பிறகு பாதத்தை எடுத்துக் கட்டுப் போடத் தொடங்கினாள்.

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த துணியை அவர் மெல்ல இழுத்தார். வலியோ என்று கையை எடுத்து நிமிர்ந்தாள். கிழவரின் கண் நிறைந்திருந்தது.

"மச்சான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. காலை மறுபடி அவள் மடியில் வைத்தார்.

இன்னாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெபகனிக்குச் சொல்ல நூறு வார்த்தை இருந்தது. ஆனால் அவர் கால் அவள் கையில் இருந்தது. அதனால் ஒன்றும் பேசாமல் கட்டைச் சுற்றி முடித்தாள்.