பொட்டு வைத்த காலணா

முதல் ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது, போன் வந்திருக்கிறது என்று ஆலை கேட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். திருப்பாச்சூரிலிருந்து கஸ்தூரி அக்கா, எத்திராஜ் அண்ணனின் சம்சாரம். "தம்பி, உங்க அண்ணன் காலீல நாஷ்டா துன்னுட்டு உக்காந்தாரு. அப்பிடியே போயிட்டாரு." கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்த்த மெஷின் பிட்டர், ஞாயிறுதோறும் திருவள்ளூரில் கூடும் நம் பழைய நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் தீராத தலைவலி, எத்திராஜ் அண்ணன் இனி இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் எதையும் செய்வது அவருக்கு வழக்கம்தான். அதற்காக இப்படியா?

போனவரைப் பற்றிச் சங்கத்தில் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். ஆனால் பத்து வருஷம் அவரோடு மல்லுக்கட்டியவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

அவருடைய காசுகள் எல்லாம் ஆல்பத்தில், பிளாஸ்டிக் பைகளில் கிடந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்; முறுக்கு தின்ற கையோடும் பார்க்கலாம். ஒருமுறை பெரியபாளையம் பஸ்ஸில் ஆல்பத்தை முன் சீட்டிலிருந்து கடைசி சீட் வரை சுற்ற விட்டார். திரும்பி வந்தபோது ஒரு காசு குறைந்தது. நான் பதறினேன். "புடிச்சவன் எடுத்துக்கினான், உடு நைனா" என்றார்.

நானோ தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரன். சான்று இல்லாத இரும்பை ஆலைக்குள் விட மாட்டேன். என் நல்ல காசுகளைச் சென்னை வியாபாரி மூலம் வெளிநாட்டுக்கு அனுப்புவேன். அங்கே அசல்தானா என்று சோதித்து, மார்க் போட்டு, உள்ளே இருப்பது தெரியும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் முத்திரையிட்டு அனுப்புவார்கள். அந்த டப்பாக்களைப் பார்த்து அவர் கேட்பது ஒன்றுதான்: "காசுக்கு இன்னாத்துக்கு நைனா ஐ.சி.யூ.?"

அச்சடித்த நாளின் செம்புச் சிவப்பு மாறாத காலணா ஒன்று என்னிடம் இருந்தது. நம் சங்கத்தில் வேறெதற்கும் அத்தனை மார்க் கிடைத்ததில்லை. ஆயுத பூஜையில் வைத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று அண்ணன் கேட்டார். முத்திரையிட்ட டப்பாதானே என்று கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பூஜையன்று ஆலையில் அவர் வேலை செய்யும் பட்டறைக்குப் போனால், ஸ்பேனர்களுக்கும் சுத்தியலுக்கும் நடுவே தாம்பாளத்தில் என் காலணா. டப்பாவை ஆக்ஸா பிளேடால் அறுத்து, காசைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"டப்பாக்குள்ள இருந்தா பொட்டு எங்க வெக்கிறது? எல்லாத்துக்கும் வெச்சிக்கினு உன்னுதுக்கு மட்டும் வெக்கலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் விளையாடவில்லை. செய்தது தப்பு என்பதே அவருக்குத் தெரியவில்லை. காசைத் துடைத்து நீட்டினார். "புடிச்சிப் பாரு. வாங்குனதுலருந்து நீ தொட்டதே இல்ல."

"நீங்களே வெச்சிக்கினு அழுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு ஒரு வருஷம், அவர் போகும் நாள் வரை, பேச்சில்லை. சங்கத்தில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. டீ சொல்லி அனுப்புவார். நான் தொட மாட்டேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒரு காலணாவுக்காகப் பேசாமல் இருந்துவிட்டேன். இதை நினைத்தால் இப்போது தூக்கம் வருவதில்லை.

காரியத்துக்குப் போனபோது அக்கா ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அதில் அந்தக் காலணா மட்டும் இருந்தது. "இத மட்டும் யாரையும் தொட உடமாட்டாரு தம்பி. 'நைனாவோடது, கோவம் தீந்தா வந்து வாங்கிக்குவான்'னு சொல்லிக்கினே இருந்தாரு."

காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். செம்பு வெளிறிக் கிடந்தது. காசில் இருக்கும் ராஜாவின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, அழுத்தமாக. வெறும் கையால் பிடித்தால் செம்பில் ரேகை ஏறிவிடும், பிறகு போகாது என்று அந்த மனுஷனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

மறுவாரம் சென்னை வியாபாரியிடம் கொடுத்தேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தேய்ச்ச காசு சார். மேல கைரேகை வேற. மார்க் போட மாட்டாங்க. அந்த ரேகையையாவது தொடச்சிப் பாக்கட்டுமா?"

"தொடைக்காதீங்க" என்றேன். "மார்க் வேணாம். இப்படியே மூடித் தரச் சொல்லுங்க."

எத்திராஜ் அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ரேகைதான். அதன்மேல் இன்னொரு கை படக் கூடாது.