எனக்குப் பிடித்த இலக்கணம்

இங்கே அமெரிக்காவில், துணி துவைக்கும் கடையில் யாரும் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவதில்லை. என் நிறத்தையும் பின்னலையும் பார்த்துவிட்டு நேரே ஸ்பானிஷில் தொடங்கிவிடுகிறார்கள். வந்த புதிதில் ஒரு மெக்சிகோக்கார அம்மா, ஈரத்துணியை உதறிக்கொண்டே, எந்த ஊர் மகளே என்று கேட்டார். ராஜபாளையம் என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "தெரியுமே, மலையடிவாரம்தானே?" என்றார். எந்த ஊரை நினைத்தாரோ! மலையடிவாரம் என்பது சரியாக இருந்ததால் நானும் தலையாட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அண்ணன் வேலை பார்த்த டெல்லியில் ஸ்பானிஷ் எம்.ஏ. முடித்து ஊர் திரும்பியிருந்தேன். ஒரே வாரத்தில் அமெரிக்காவிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முனைவர் படிப்புக்கு இரண்டிலும் இடம் உண்டு. ஒன்று கடற்கரை நகரத்தில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம், ஸ்பானிஷ் இலக்கியம். மற்றது பனி பெய்யும் சிற்றூர், மொழியியல். இலக்கியம்தான் என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். ஆனால் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, சம்மதிக்க வேண்டும். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவர், கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு ஆங்கிலம் நடத்தும் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். மதியம் சாப்பிட வந்தவரிடம் கடிதங்களைக் காட்டினேன்.

"அந்தப் பாஷைய நம்ம ஊர்ல யாருட்டம்மா பேசுவ?"

"யாருட்டயும் பேச முடியாது அத்தா."

"பொறவு எதுக்கு?"

கடிதங்களை மடித்து உறையில் போட்டேன். அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள்: "அவளுக்குப் பிடிச்சிருக்கு. அம்புட்டுதான்."

அவள் சொன்னதில் 'அவள்' இல்லை, 'அவளுக்கு'தான் இருந்தது. ஆசை நாம் செய்வதல்ல, நமக்கு நேர்வது. ஸ்பானிஷிலும் அப்படித்தான்: மே குஸ்தா, எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலம் வழியாக அதைக் கற்க எத்தனை நாள் தடுமாறியிருக்கிறேன்! அம்மா உப்புப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள். மலையில் மேகம் இறங்கி இருட்டும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கண்காணாத ஏதோ ஓர் இடத்தில் இரு மொழிகளும் ஒன்றையொன்று தொட்டுப் பார்ப்பது போலிருந்தது.

மறுநாள், இலக்கியத்தை விட்டுவிட்டு, மொழியியல் படிக்க வருவதாகப் பனி ஊருக்கு எழுதிப் போட்டேன். எனக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்த டெல்லி ஆசிரியர் கோபித்துக்கொண்டார். அத்தா மூன்று நாள் மதியச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்துக்கொண்டார். நான்காம் நாள் கம்பளிப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "அங்க ரொம்பக் குளிருமாமே," என்றார். சில பனிக்காலங்களில் அந்தக் கடற்கரை நகரத்தை நினைத்து ஏங்கியதும் உண்டு.

ஆய்வேட்டை முடித்த பிறகுதான் ஊருக்குப் போக முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பஸ்ஸின் கூடவே மலை வந்தது. அரைத்தூக்கத்தில், ஊருக்கு வருகிறேனா, ஊரைவிட்டுப் போகிறேனா என்று பிடிபடவில்லை. வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள்.

"மீன் கொழம்பு இன்னும் செத்த ஊத்தவா?"

"ஸீ," என்றேன். ஸ்பானிஷில் 'ஆமாம்'. யோசிக்காமல் வந்துவிட்டது.

அம்மாவின் முகம் சுருங்கியது. "ஏட்டி, என்ன சீங்குற?"

கரண்டி சட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் நின்று சொட்டிக்கொண்டிருந்தது. தட்டை நீட்டியபடியே இருந்தேன். ஊற்று என்று சொல்லும் தமிழ், வாய்க்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.